கால் பக்கம் மட்டும்

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் பேனாவை எடுக்கிறேன். இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். அதிகம் படிக்காதவன், எழுத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமே இல்லை. என் மனைவி இதைப் படித்துவிடக் கூடாது என்ற பயம்தான். அவள் போன வருடம் மவுத்தாகிவிட்டாள்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. எதிர் வீட்டில் ஒரு தம்பி, இந்து, பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பாவோடு இருந்தார். மாக் மண்டின் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை லிப்ட் வேலை செய்யவில்லை. குளித்து, கை கால் முகம் கழுவி உளு செய்து, வெள்ளை ஜுப்பா போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் படியில் இறங்கினேன். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் அந்தத் தம்பி, அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒற்றை ஆளாக நான்கு மாடி இறக்கியிருக்கிறார்.

"பாய், கால் பக்கம் மட்டும் பிடிங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பெரியவரின் கைலி நனைந்திருந்தது. மூத்திர வாடை. ஜுப்பாவில் பட்டால் நஜீஸ், அசுத்தம், அதோடு தொழ முடியாது, மறுபடி மேலே ஏறி மாற்ற வேண்டும், முதல் வரிசை போய்விடும். இவ்வளவுதான் நான் யோசித்தது.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சு தம்பி. தொழுதுட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, துணி படாமல் சுவரோரமாக ஒதுங்கி இறங்கினேன். பெரியவர் என்னையே பார்த்தார். அவருக்குப் பேச்சு வராது.

முதல் வரிசை கிடைத்தது. மனிதர்களுக்கு உதவுகிறவரே அல்லாஹ்வுக்குப் பிரியமானவர் என்று பள்ளிவாசலில் எத்தனையோ பயானில் கேட்டுத் தலையாட்டியவன் நான். அன்று அது நினைவுக்கே வரவில்லை.

திரும்பி வந்தபோது படிக்கட்டு காலி. வீட்டில் மனைவி கேட்டாள். "அந்தத் தம்பி பாவம், ஒத்தையா எறக்குச்சே. கை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்" என்றேன். தானாக வாயில் வந்தது.

பெரியவர் அந்த மாதமே இறந்துபோனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் தைரியம் இல்லை.

மறு வருடம் மனைவிக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு திங்கட்கிழமை லிப்ட் மறுபடி நின்றது. அவளால் படி இறங்க முடியாததால் அன்றைய முறை தவறியது. புதன் காலையிலும் லிப்ட் ஓடவில்லை; அவளுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்றார்கள். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் பள்ளிவாசல் கூட்டாளிகளுக்கும் போன் மேல் போன் போட்டேன். "இன்ஷா அல்லாஹ், இந்தா வர்றேன்" என்றார்கள். ஒருவரும் வரவில்லை. நானே தூக்கினேன். வாசல் வரைதான். முழங்கால் மடங்கி அவளோடு விழுந்தேன். "யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு" என்று கத்தினேன். அதை துஆ என்று சொல்ல முடியாது, அலறல்.

எதிர்க் கதவு திறந்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார், யூனிபாரம்கூடக் கழற்றவில்லை. எதுவும் கேட்காமல் உள்ளே போய் அதே நாற்காலியைக் கொண்டுவந்தார்.

"பாய், நீங்க கால் பக்கம் மட்டும் பிடிங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

குத்திக்காட்டவில்லை. அந்த வேலைக்கு அவருக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். நான் குனிந்து கால் பக்கம் பிடித்தேன்.

அதே ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மனைவி வாந்தி எடுத்தாள். அவர் சட்டை முழுக்க. அவள் அழுதுவிட்டாள்.

"எப்படியும் குளிக்கப் போறவன்தானே லா, அக்கா. பாய் சட்டைதான் வெள்ளை. எஞ்சட்டை கறுப்பு, தெரியாது."

மூச்சுக்கு நடுவே அவள் சொன்னாள். "ஒங்கப்பாவுக்கு இவரு அன்னிக்குக் கை குடுத்தாரே தம்பி... அதான் அல்லா ஒங்கள அனுப்பிருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலிக் காலைப் பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றார். "பேசாம வாங்க, மூச்சு வாங்குது பாருங்க."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இன்னும் ஐந்து வருடம் இருந்தாள். அத்தனை வருடமும் பார்க்கிறவர்களிடமெல்லாம், நான் செய்த நன்மை எங்களுக்கே திரும்பி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் ஒருவர் என்னைக் காட்டித் தன் பிள்ளைகளுக்குச் சொன்னார். தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவளை அடக்கம் செய்த பிறகு, பத்து காவான் என்ற ஊருக்குக் குடிமாறிப் போயிருந்த அந்தத் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எம்பங்க அன்னிக்கே விட்டுட்டேன் பாய். அப்பா பங்க நான் எப்படி விடுறது? அவருகிட்டதானே கேக்கணும்."

கோபமில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அந்த மனிதர் இல்லை. என் பொய்யை நம்பியவளும் இல்லை. யாரிடம் போவேன்? லிப்டில் ஐந்து என்ற எண் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் என் மனைவி சொன்ன மாதிரி சொல்லாதீர்கள், பாவம், அவளுக்குத் தெரியாது. அந்தப் பெரியவரின் நனைந்த கைலியையும் நான் ஒதுங்கிப் போனதையும் விட்டுவிடாமல், இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள். எனக்கு இரக்கப்பட்டு ஒரு வார்த்தைகூட மாற்றிவிடாதீர்கள்.