கயிற்றுக்கடை ஜைனப்பின் செயலிகள்

"டார்ச் லைட்டுக்கு எதுக்குங்க உங்க சொந்தக்காரங்க நம்பரெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே ஜைனப் அந்தச் செயலியை அழித்தார். ஃபோனுக்குச் சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள், ஒரு எம்பிகூட இல்லாத வேறொரு டார்ச் உள்ளே போய்விட்டது. அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரியையும் அவர் வாய்விட்டுப் படிப்பார். பிடிக்காத வரி வந்தால் உதட்டைப் பிதுக்கி, "நை மாங்தா" என்று சொல்லித் தள்ளிவிடுவார்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போகிற சாலையில் அவர் கணவர் ஜெய்னுதீன் கயிறு, தூண்டில், மிதவை விற்கிறார். கடையின் உள்பாதியில் ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், ஒரு பென்டிரைவ். அது ஜைனப்பின் ராஜ்ஜியம். எதை இறக்கினாலும் நெட் பாதியில் நின்றுவிடுகிற தீவுகளுக்காக, சின்னச் சின்னச் செயலிகளாகப் பார்த்து அதில் சேர்த்து வைத்திருக்கிறார். பத்து எம்பியைத் தாண்டிய எதற்கும் அங்கே இடமில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, நெட் இல்லாமலே அகராதி பார்க்க ஒன்று, அலையின் ஏற்ற இறக்கம் சொல்ல ஒன்று. கடலுக்குப் போகிறவர் கயிறு வாங்க வந்தால் இன்னொன்றையும் ஏற்றிக்கொள்ளாமல் நகர முடியாது. அது, ஆள் நிற்கிற இடத்தைப் பெரிய எண்களில் காட்டும். ஒரு தட்டு தட்டினால் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடும். அவர்கள் வீட்டு ஃபோன் எண்ணோடு தன் எண்ணையும் அதில் போட்டுவிடுவார்.

இப்படி முந்நூறு பேருக்காவது போட்டிருப்பார். ஜெட்டியில் அவர் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. "ஜைனப் அக்கா பார்த்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பலர் புது ஃபோனையே வாங்குகிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒளித்து வைக்கத் தெரியாது.

நான் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கிறவன். போன திங்கட்கிழமை விண்ணப்பம் ஒன்றில் என் புகைப்படம் ஐம்பது கேபிக்கு மேல் இருக்கிறதென்று மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட எரிச்சலோடு அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்து, படம் நாற்பத்தெட்டுக்கு இறங்கிய நேரத்தில் ஜைனப்பின் ஃபோன் அதிர்ந்தது.

லாங் ஐலண்ட் மீனவர் ஸ்ரீதர் அந்தச் செயலி வழியாக அனுப்பியது. மச்சினனோடு டிங்கிப் படகில் கடலுக்குப் போனவர். "12.371, 93.052. இஞ்சின் பந்த். தண்ணி ஏறுது." திருப்பி அழைத்தால் அவர் ஃபோன் அணைந்திருந்தது.

ஜைனப் எழுந்து நின்றுவிட்டார். செய்தியை அப்படியே கடல் மீட்பு எண்ணுக்கு அனுப்பிப் பேசினார். கப்பல் போய்ச்சேர நாலு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். லாங் ஐலண்ட் பக்கம் மீன் பிடிக்கிற செந்தமிழனின் படகு நிற்கும் என்று ஜெய்னுதீன் நினைவுபடுத்தினார். கூப்பிட்டதும் கிடைத்தார். எஸ்எம்எஸ் படிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை, வாயால் சொல்லுங்கள் என்றார். எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஜைனப் வேகமாகச் சொன்னார்: "பன்னெண்டு முப்பத்தேழு. தொண்ணூத்தி மூணு அஞ்சு. ஜல்தி போங்க."

அதற்குப் பிறகு யாரும் கடையை விட்டுப் போகவில்லை. எனக்கும் படம் மறந்துபோனது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. டிங்கியில் தண்ணீர் ஏறினால் வெட்டிய கேனால் அள்ளி ஊற்றுவார்கள், கை ஓய்ந்தால் அவ்வளவுதான் என்று ஒருவர் எனக்கு விளக்கினார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் செந்தமிழன் அழைத்தார். சொன்ன இடத்துக்கு வந்தாயிற்று, சுற்றிலும் வெறும் தண்ணீர்தான், ஒரு பலகைகூட இல்லை என்றார். எந்த இடம் என்று ஜைனப் கேட்டார். "பன்னெண்டு டிகிரி முப்பத்தேழு நிமிஷம்" என்றார் அவர்.

ஜைனப் காகிதத்தைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் முகம் வெளுத்தது. எனக்குப் பிறகுதான் விளங்கிய கணக்கு இது: அவர் செயலி காட்டுவது டிகிரியும், அதற்குமேல் நூற்றுக்கு இத்தனை பங்கு என்கிற புள்ளிக் கணக்கும். படகுக் கருவியோ டிகிரியை அறுபது நிமிடமாகப் பிரித்துக் கேட்கும். நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு என்றால் நிமிடத்தில் இருபத்திரண்டுதான். புள்ளி என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டதில், செந்தமிழன் ஏறக்குறைய பதினைந்து கடல் மைல் வடக்கே போய் நிற்கிறார்.

கால்குலேட்டரில் அறுபதால் பெருக்கும்போது ஜைனப்பின் விரல் இரண்டு முறை தவறான பட்டனில் விழுந்தது. "தெற்கே திரும்புங்கண்ணே. பன்னெண்டு டிகிரி, இருபத்திரண்டு நிமிஷம். தொண்ணூத்தி மூணு டிகிரி, மூணு நிமிஷம். திருப்பிச் சொல்லுங்க." செந்தமிழன் திருப்பிச் சொன்னார். காரணம் கேட்க அவருக்கு நேரமில்லை.

கடையில் இருந்தவர்களுக்கு இருந்தது. இவ்வளவு வருஷம் கடலில் கிடந்தும் வடக்கு தெற்கு தெரியவில்லையா, சரக்குப் போட்டுக்கிட்டு வந்திருப்பான் என்று ஆளுக்கொன்றாகச் செந்தமிழனை வறுத்தெடுத்தார்கள். பொய் சொல்வானேன், நானும் தலையாட்டினேன். ஜெய்னுதீன் மனைவியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் என்னவென்று கேட்டார். ஜைனப் காகிதத்தில் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். ஜெய்னுதீன் அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெளிய சொல்லாத ஜைனபு. அப்புறம் யாரு உன்ன நம்பி ஃபோன குடுப்பாங்க?"

அது என் காதிலும் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. தலையாட்டியதற்காக எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜைனப் உட்காரவே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீதரின் மனைவி சௌமியா லாங் ஐலண்டிலிருந்து மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும், படகு போய்க்கொண்டிருக்கிறது என்ற ஒரே பதில்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே கிடந்தது.

மதியம் இரண்டரை மணிக்கு ஃபோன் அடித்தது. ஜெய்னுதீன்தான் பாய்ந்து எடுத்தார். கேட்டுவிட்டு, "மில் கயா, ரெண்டு பேரும் ஏறிட்டாங்க" என்று கத்தினார். கடையே ஆரவாரித்தது. யாரோ என் முதுகில் ஓங்கி அடித்தார்கள். ஜைனப் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

"அக்காவோட ஆப்பு இல்லன்னா ரெண்டும் காலி" என்றார் ஒருவர். "அந்த செந்தமிழன நம்புனதுக்கு" என்று தொடங்கினார் இன்னொருவர்.

ஜைனப் கணவரின் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். மறுமுனையில் செந்தமிழன் பேசிக்கொண்டிருந்தது அரைகுறையாகக் கேட்டது. நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டேன் போல, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஜெய்னுதீன் கண்ணால் வேண்டாம் என்றார்.

ஜைனப் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினார். எங்கள் எல்லோருக்கும் நடுவே, கயிற்றுச் சுருள்களின் மேல் ஃபோனை மல்லாக்க வைத்துவிட்டு, அதன் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, இங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. இப்ப சொல்றேன். நம்பர தப்பா சொன்னது நான்தான்."