காலிப் பாஸ்வேர்டு

அரியலூரில் எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் மட்டும் தங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்படி, ஊழியர் பட்டியலோடு சர்வரை இணைக்கப் பெரம்பலூரிலிருந்து ஒரு பெண்மணி வந்தார்; அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு. நரையோடிய தலை, தடித்த கண்ணாடி. எதையும் தப்பான பாஸ்வேர்டு போட்டுத்தான் முதலில் சோதிப்பார்.

மதியத்துக்குள் எல்லாம் ஓடியது.

"முடிஞ்சிருச்சுங்களே மேடம், கெளம்பலாமே?" என்றேன்.

"இருங்க சார்."

டாக்டர் ஒருவரின் பெயரை அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டுத் தட்டினார். ரிப்போர்ட்டுகள் திறந்துகொண்டன.

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அதைச் சரிசெய்தார்.

"இத யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க மேடம்."

"நான் பாத்துட்டேன்ல சார்," என்று பையை எடுத்துக்கொண்டார்.

அவர் மட்டும் அவசரப்பட்டிருந்தால், ஊரார் நோயையெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அன்று மாலையே நான் சர்வரைத் திறந்துவிட்டிருப்பேன்.