பலப்பம் தின்ற அம்மா

வேப்பந்தட்டையில் எங்கள் ரத்தசோகை ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பெண்ணின் வாயில், சிலேட்டுப் பலப்பம் நறுக்கென்று உடைந்தது. அந்தச் சத்தத்தில் நான் மீன்சுருட்டி வீட்டில் ஏழு வயதுக்காரியாக நின்றேன்.

என் பையில் பலப்பங்கள் தினமும் குறையும். "எலி தின்னுருக்கும்டி" என்பாள் அம்மா. ஒருநாள் அடுப்படியில் அவள் உதட்டோரம் வெள்ளைப் பொடி. "பலப்பத் திருடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

உடம்பில் இரும்புச்சத்து வற்றினால் இப்படியொரு ஆசை வரும் என்று கல்லூரியில் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். அன்றிலிருந்து இரும்புச்சத்துதான் என் வேலை.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையை மறைத்தாள். வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்: "வெக்கப்படாதீங்கக்கா. எங்கம்மாவும் தின்னாங்க."