தண்ணீர்க் கோபுரத்தில் கரைத்த வெல்லம்

தண்ணீர் வற்றிப் பல வருடமான தொட்டியில் வெல்லம் கரைக்கப் போனவன் நான். அதுவும், கரைப்பதற்கான தண்ணீரைப் பள்ளிக்கூட பாட்டிலில் நானே எடுத்துக்கொண்டு. என் அறிவைப் பற்றி இதற்குமேல் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

காரணம் என் மூக்கு. அதன் நுனியில் ஒரு மரு. நாலாம் வகுப்பு மொத்தத்துக்கும் நான் ‘மிளகு’. வாத்தியார்கூட ஒருநாள் வருகைப் பதிவின்போது வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். நானும் ‘உள்ளேன் ஐயா’ என்றுவிட்டேன். திருவள்ளூரில் இதற்கு வைத்தியம் பெருமாள் கோயில் குளம். அதில் வெல்லத்தைப் போட்டால், அது கரையக் கரைய மருவும் கரையும். நான் மூன்று முறை போட்டாயிற்று. குளத்து மீன்கள் கொழுத்ததுதான் மிச்சம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். அந்த வருடம் அவருக்குத் திடீரென்று சரித்திரத்தின் மேல் ஆசை வந்தது. பள்ளியில் அதே பாடத்தில் இரண்டு முறை கோட் அடித்தவர், ஞாயிறு தவறாமல் என்னைப் பழைய தண்ணீர் டேங்குக்குக் கூட்டிப்போனார். ஒரு காலத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுத்த அந்த வட்டக் கோபுரத்தைச் சின்ன மியூசியமாக மாற்றியிருந்தார்கள். கீழே டிக்கெட் மேசையும் ஊரின் பழைய போட்டோக்களும். நடுவில் துருப்பிடித்த பம்பு. உச்சியில் இரும்புத் தொட்டி. டிக்கெட் கொடுக்கும் அக்காவே எல்லாவற்றையும் விளக்குவார். மாமா ஒவ்வொரு போட்டோவையும் இரண்டு தடவை விளக்கச் சொல்வார்.

ஐந்தாவது ஞாயிறு, வாசலிலேயே மாமா என் கையில் ஒரு வெல்ல உருண்டையைத் திணித்தார்.

“கோயில் கொளத்துல ஊருபட்ட பேரு போட்றான். உன் வெல்லம் எதுன்னு பெருமாளுக்கே கொழப்பம். மேல தொட்டில நீ மட்டுந்தான். வானத்துக்குக் கிட்ட வேற.”

“தண்ணி இல்லியே மாமா?”

“பாட்டில் வெச்சினுகீறியே, அது இன்னாத்துக்கு? ஊத்தி மெதுவா கரை. நூத்தியெட்டு எண்ணாம கீழ எறங்கின, மரு ரெண்டாயிடும்.”

இரண்டு மருவா! படிகளில் பறந்தேன். தொட்டிக்குள் நுழைந்து, நடுவில் இருந்த குழியில் பாட்டிலைக் கவிழ்த்து வெல்லத்தைப் பிசைந்தேன். எண்ணிக்கை அறுபதைத் தாண்டியபோது குழியில் தண்ணீரைக் காணோம். பெருமாள் உறிஞ்சிவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அது பழைய குழாய் இறங்கும் ஓட்டை. அதன் மறுமுனை டிக்கெட் மேசைக்கு நேர் மேலே.

கீழேயிருந்து ஓர் அலறல். இறங்கிப் பார்த்தால், அக்காவின் தலையிலிருந்து பானகம் சொட்டுகிறது. மேசையில் சாய்ந்து நின்ற மாமாவின் இஸ்திரி போட்ட சட்டையிலும்.

“யார்ரா உன்ன இத செய்யச் சொன்னது?”

“மாமாதான்க்கா. நூத்தியெட்டு எண்ற வரைக்கும் கீழ வரக் கூடாதுன்னாரு.”

அக்கா மாமாவிடம் திரும்பினார். “எதுக்கு நூத்தியெட்டு?”

உலைக்கு முன்னால் நின்று வேலை பார்க்கிற மனிதர் அவர். அன்றுபோல் வியர்த்து நான் பார்த்ததில்லை.

“இல்லீங்க... அஞ்சி வாரமா உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு... இவன் கூடவே நின்னுகினு இருந்தானா...”

அக்கா துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்தார். “ஒண்ணு கேக்கறதுக்கு நூத்தியெட்டு வேணுமா? பத்து பத்தாதா?”

பெரியவர்களின் கணக்கு எனக்கு எதற்கு? எனக்கு என் மூக்குதான் முக்கியம். எண்ணிக்கை பாதியில் நிற்கிறது. மிச்ச வெல்லம் கையில் பிசுபிசுக்கிறது. அடுத்த ஞாயிறு வந்து மீதியைக் கரைத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

அவர் சொன்ன பதிலுக்கு மணவாள நகர் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இனி மருவோடுதான் வாழ்க்கை என்று முடிவாகிவிட்டது. மாமாவோ ஈ மொய்க்கும் சட்டையோடு விசிலடித்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வேறு. தொட்டியைக் கழுவத்தானே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரியவேயில்லை. ஏனென்றால் அக்கா, மாமாவைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:

“நீ வராத. அவர அனுப்பு.”