ஸ்டேஷன் இல்லாத ஊர்

சின்னத்தாயியை நான் முதலில் பார்த்தது 1955 மே மாதம், குண்டக்கல் போகும் ரயிலின் பெண்கள் பெட்டியில். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் கிளம்பிய வண்டி யஷ்வந்தபுரம் தாண்டுவதற்குள் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டுவிட்டாள். எந்த ஊருக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், இதற்கு முன் போயிருக்கிறீர்களா, அங்கே பெண்கள் குளிக்க மறைவான இடம் உண்டா. நான் பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்பது என் தொழில். என்னை யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"ஹம்பி போறோம். ஹொஸ்பேட்டையில இறங்கணும், மூணு நாள்" என்றேன்.

"நாங்க பிஜாப்பூரும்மா. அங்க ஒரு பெரிய குண்டு மண்டபம் இருக்குதாமே, சொவத்துல வாய வெச்சி பேசுனா எதிர் சொவத்துல கேக்குமாம். நெசமான்னு பாக்கணும்" என்றாள்.

பிள்ளை வேண்டும் என்றோ வேண்டுதலுக்கு என்றோ ஊர் ஊராகப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நெசமா என்று பார்ப்பதற்காகவே போகிறவள் எனக்குப் புதிது. அந்த விஷயத்தில் நானும் அதே ரகம்தான். என் கணவர் சேஷகிரி செக்ரடேரியட்டில் குமாஸ்தா. மே மாதமும் டிசம்பரும் லீவு வந்தால் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்போது பதினோரு ஊர் பார்த்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

சின்னத்தாயி பிறந்தது கண்டோன்மெண்ட் பக்கம். அவள் அப்பா பட்டாளத்தில் கூடாரம் அடிக்கும் கலாசி. புருஷன் முனிராஜ் ரயில்வேயில் என்ஜின் ஷெட் ஃபிட்டர், ஒக்கலிபுரத்தில் இருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக் கொடுப்பாள், ஒரு பெண், பெயர் சரளா. முனிராஜுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போக ரயில்வே பாஸ் உண்டு. மைசூர் ரயில்வே தனியாக இருந்த வரையில் ஷிமோகா, அரசிக்கெரெ என்று அதற்குள்ளேயே சுற்றிவிட்டு வந்தார்கள். 1951இல் ரயில்வேக்களை ஒன்றாகச் சேர்த்ததும், இனி பாஸ் இந்தியா முழுக்கச் செல்லும் என்று முனிராஜ் வந்து சொன்னாராம். இவள் முதலில் கேட்டது, "இந்தியா எங்க முடியுது?" என்பதுதானாம்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஊரைச் சொன்னால் பதிலுக்கு ஒரு ஊரைச் சொல்வாள். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டாள், சும்மா கொடுக்கவும் மாட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சொன்னது ஒன்றும் மறக்காது. நான் ஸ்ரீரங்கத்தைக் கொடுத்து ஆக்ராவை வாங்கினேன்.

"தாஜ்மகால்ல உள்ள நின்னு, 'ஏ சரளா'ன்னு கூப்ட்டேம்மா. பதினஞ்சு எண்ணற வரைக்கும் எம் பொண்ணு பேரு மேல சுத்திக்கினே இருந்திச்சு. நீங்க போனா உங்க பேர கூப்டுங்க."

அடுத்த வருஷம் நான் ஆக்ரா போனபோது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வெட்கத்தை விட்டு "கோமளம்" என்று கூப்பிட்டேன். பன்னிரண்டுதான் எண்ண முடிந்தது. அதை வந்து சொன்னதும் அவள் யோசித்து, "நீங்க டீச்சரு, மெதுவா எண்ணியிருப்பீங்க" என்றாள்.

வந்து சொன்னேன் என்றால், எங்கே? எங்கள் பள்ளிக்கூட வாசலில். அந்த ரயில் பழக்கத்தில் சரளாவை எங்கள் பள்ளியில் சேர்த்தாள். சாயங்காலம் பெண்ணை அழைத்துப்போக வரும்போது என்னிடம் ஒரு ஊர் வாங்காமல் போக மாட்டாள். கேட்டருகில் நின்றே அரை மணி பேசுவோம். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவள் என்னை வாங்க போங்க என்பாள், நான் அவளை வா போ என்பேன். அது என் காதில் உறைத்ததே இல்லை.

அவள் பேச்சில் ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும் பாதிக் கதை ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலைப் பற்றித்தான். ஜான்சியில் பெண்கள் ஹாலில் முதுகு சாய்க்கிற பெஞ்சு. வால்டேரில் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நல்லவள், மூட்டையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய் வரலாம். இடார்சியில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி, ஆக்ராவில் கூரை உசரம், வெயில் தெரியாது. எல்லாம் துல்லியமான தகவல். வால்டேர் அம்மாளிடம் நானே மூட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

"ஏம்மா, நீ ஊரைப் பார்க்கப் போனியா, ஸ்டேஷனைப் பார்க்கப் போனியா?" என்று கேட்டால் சிரிப்பாள்.

நான் சத்திரங்களைப் பற்றி அள்ளி விடுவேன். இந்த ஊரில் ரூம் இலவசம், அந்த ஊரில் இரண்டு வேளைச் சாப்பாடு, இன்னோர் ஊரில் கிணற்றடி சுத்தம். கோயிலையும் கடைத்தெருவையும் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறவள், சத்திரம் என்றதும், "அது இருக்கட்டும்மா, டேசன்லேர்ந்து எவ்ளோ தூரம்?" என்பாள். ரயில்வேக்காரர் பெண்டாட்டி, ஸ்டேஷன் பாசம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

1957 நவம்பரில் ஒரு நாள் சரளாவின் வகுப்பில் கன்னியாகுமரி பாடம் நடத்தினேன். மார்கழி வாக்கில் அங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து கடலிலேயே இறங்கும், இரண்டையும் ஒரே கரையில் நின்று பார்க்கலாம் என்று சொன்னேன். மறுநாள் சாயங்காலம் சின்னத்தாயி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து நின்றிருந்தாள்.

"ஏம்மா, சூரியன் தண்ணியில எறங்கி தண்ணியிலேர்ந்தே வருதாமே. எறங்குன எடம் வேற, வர்ற எடம் வேறயா?"

வகுப்பிலிருந்து உலக உருண்டையை எடுத்து வந்து சுற்றிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள். "அது சரிம்மா. கண்ணால பாக்கணும்" என்றாள்.

"டிசம்பர் லீவுல போயிட்டு வா. திருநெல்வேலி வரைக்கும் உன் பாஸ் இருக்கு. அங்கேர்ந்து நாகர்கோவிலுக்கு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். சாயங்காலம் அஸ்தமனம் பார்த்துட்டு, ராத்திரி தங்கி, கார்த்தால உதயம் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்."

"ராத்திரி தங்கணும்" என்றாள்.

"பின்னே? ரெண்டுக்கும் நடுவுல ராத்திரி வராதா?"

"அங்க டேசன் இல்லியாமே."

"ஸ்டேஷன் இல்லேன்னா என்ன? கடலைப் பார்த்தாப்பல ஒரு சத்திரம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி நாங்க தங்கினோம், ரூம் அவ்வளவு நன்னா இருந்தது. பெங்களூர் கோமளம் டீச்சர் சொன்னான்னு என் பேரைச் சொல்லு."

"எங்களுக்கு எடம் குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஏன் குடுக்கமாட்டா? யார் போனாலும் குடுப்பா" என்றேன்.

அந்த வார்த்தையை எந்த யோசனையும் இல்லாமல் சொன்னேன். அதை நம்பித்தான் அவள் போனாள். முனிராஜ் லீவு எழுதிக் கொடுத்தார், ஊதுவத்தி வேலையை இரட்டிப்பாகச் செய்து முன்கூட்டியே முடித்தாள், சரளாவுக்குக் கடற்கரையில் உடுத்த ஒரு புதுப் பாவாடை தைத்தாள். பள்ளி மூடிய நாளில் என்னிடம் வந்து, "போயிட்டு வந்து உங்களுக்கு நல்லதா ஒண்ணு சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் பள்ளி திறந்து ஒரு வாரம் ஆயிற்று. சின்னத்தாயி கேட்டருகே வரவில்லை. சரளா தானாகவே வந்தாள், தானாகவே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு, "உதயம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"அஸ்தமனம் பாத்தோம் மிஸ்" என்றாள் அந்தப் பெண்.

"உதயம்?"

தலையைக் குனிந்துகொண்டாள். மேகமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே ஒக்கலிபுரம் போனேன். சேஷாத்ரிபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து பொடி நடைதான். இரண்டரை வருஷப் பழக்கத்தில் அவள் வீட்டுக்கு அதுவே முதல் தடவை. சின்னத்தாயி பலகையை முன்னால் வைத்து வத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து முக்காலியைப் போட்டாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மேகமா இருந்ததா?" என்றேன்.

"இல்லம்மா, நல்லா தெளிவா இருந்திச்சு. எறங்கறது அழகா பாத்தோம். பெரிசா செவப்பா வந்து, தண்ணியத் தொட்டதும் அடி தட்டையாயிருச்சு. அப்புறம் மளமளன்னு போயிருச்சு. எண்ணி எண்பது கூட வர்ல." அவள் கண் அப்போதும் விரிந்தது. "அப்புறம் நீங்க சொன்ன எடத்துக்குப் போனோம். ஒண்ணு நீங்க சொல்லாம விட்டுட்டீங்க. அங்க கேப்பாங்க."

"என்ன கேப்பா?"

"எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னோம். என்ன வேலைன்னாங்க. இவரு ரயில்வேன்னாரு. அதில்லப்பா, நீங்க யாருன்னாங்க. நாங்க பொய் சொல்றதில்லம்மா. எடமில்லன்னுட்டாங்க. எங்களுக்குப் பின்னால வந்தவங்களுக்கு ரூமு இருந்திச்சு."

"என் பேரைச் சொன்னியோ?"

"சொன்னேன். டீச்சரம்மாவ உங்களுக்கு எப்டித் தெரியும்னு கேட்டாங்க. ரயில்ல பழக்கம்னேன். சிரிச்சாங்க. அப்புறம் கடேசி பஸ்ஸு நாகர்கோயிலுக்குக் கெளம்புச்சு, ஏறிட்டோம்."

யார் போனாலும் கொடுப்பார்கள் என்று சொன்ன நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சின்னத்தாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டுவதற்காக இல்லை. அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"உங்கள ஒண்ணும் கேக்கலியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டார். நாங்கள் போய் நின்றதும் அந்தச் சத்திரத்து மேனேஜர் என்ன கோத்திரம் என்று கேட்டார். என் கணவர் சொன்னார். பூர்வீகம் எந்த ஊர் என்றார், கும்பகோணம் என்றோம். அவர் மச்சினிக்கும் எங்கள் ஒன்றுவிட்ட அத்தைக்கும் உறவு என்று கண்டுபிடித்து, கடலைப் பார்த்த ரூமைத் திறந்துவிட்டு, காபியும் அனுப்பினார். எவ்வளவு அன்பான மனிதர் என்று நாலு வருஷமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரியமாக விசாரிக்கிறார் என்று இருந்துவிட்டேன்.

"கேட்டார்" என்றேன்.

"அதான் பாத்தேன். எல்லாரையும்தான் கேக்கறாங்க" என்று அவள் தலையை ஆட்டினாள். பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது அவள் முகம். "டேசன்ல படுத்தா அந்தப் பேஜாரு இல்லம்மா. பாஸ காட்டுன்னுவாங்க, காட்டுனா முடிஞ்சுது. யாரு எவருன்னு ரயில்வே கேக்கறதில்ல. அதனாலதான் டேசன் இல்லாத ஊருக்கு நாங்க போறதில்ல. இதுக்குத்தான் ஆசப்பட்டுட்டேன்."

ஜான்சி பெஞ்சும் இடார்சித் தண்ணீரும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவற்றைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அந்த மேனேஜர் மேல் பாதி, மீதி யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நான் அந்த மனுஷனுக்கு லெட்டர் எழுதறேன். அடுத்த டிசம்பர்ல எடுத்துண்டு போ. எப்படிக் குடுக்காம இருப்பான், பார்க்கறேன்" என்றேன்.

"லெட்டருல எங்கள யாருன்னு எழுதுவீங்கம்மா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். சிநேகிதி என்று எழுதலாமா? எழுதினால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் என்று எழுதலாமா? பள்ளிக்கூட மாணவியின் குடும்பம்? ஒவ்வொன்றாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அந்த மனிதர் கேட்ட கேள்விக்கே நானும் பதில் எழுதுகிறேன் என்று பட்டது.

"லெட்டரு வேணாம்மா. வேற ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அவள், என் முழியைப் பார்த்துவிட்டு. வத்திப் பலகையைத் தள்ளிவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். ஊர் வாங்கும்போது அப்படித்தான் உட்காருவாள். "நீங்க பதினாலு ஊரு போயிருக்கீங்க. அங்கயெல்லாம் சத்திரத்துல, ஓட்டல்ல தங்கியிருக்கீங்க. கேக்காம எடம் குடுக்கற மாதிரி ஒண்ணு இருக்குமில்ல, எந்த ஊருல ஆனாலும் சரி. எப்டி நடத்தறாங்கன்னு தெரிஞ்சா, அந்த மாதிரி ஒண்ணு கன்னியாகுமரியிலும் இருக்குதான்னு விசாரிக்கலாம். உதிக்கறத பாக்கணும்மா. பாதி பாத்தது தூக்கத்துல வருது."

நான் யோசித்தேன். ஸ்ரீரங்கம், மதுரை, ஹம்பி, ஆக்ரா, நாசிக். ஒவ்வோர் ஊரிலும் எந்த வாசலில் போய் நின்றோம், உள்ளேயிருந்து யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். காபி ருசி ஞாபகம் இருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இருந்தது. எங்கே கேட்டார்கள், எங்கே கேட்கவில்லை என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை.

"எனக்குத் தெரியலை, சின்னத்தாயி" என்றேன்.

அவள் பலகையைத் திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பரவால்லம்மா. நான் ரயில்ல கேட்டுக்கினே போறேன். யாருக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றாள்.