அண்ணா வீட்டு லொவி மரமும் என் ஜாம் போத்தல்களும்

ஜாம் காய்ச்சுவது இனிப்பான தொழில் என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் அதை விற்கப் போனதில்லை. காய்ச்சுவதற்கு அடுப்படியில் வேர்த்தால் போதும். விற்பதற்கு, ஊர் சொல்லும் குறையெல்லாம் கேட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் கேக்கோ ஊறுகாயோ வடகமோ செய்து மேசை போட்டு விற்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. டைப் அடித்துக்கொண்டிருந்த கப்பல் கம்பனி மூடப்பட்டதும் ஜாம் காய்ச்ச ஆரம்பித்தேன். அன்னாசி, பப்பாசி, விளாம்பழம் என்று பருவத்துக்கு ஒன்று. ஆனால் ஆட்கள் என் மேசையைத் தேடி வந்தது லொவி ஜாமுக்காகத்தான். லொவி சின்னப் பழம், நல்ல சிவப்பு, பல் கூசும் புளிப்பு. பச்சையாக யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் சந்தைக்கும் லேசில் வராது. சீனி போட்டுக் காய்ச்சிப் பதம் வந்ததும் இறக்கினால், அந்தப் புளிப்பே ஒரு தனி ருசியாகிவிடும்.

எனக்குப் பழம் தந்தது ஒரே ஒரு மரம். அது ஹெந்தளையில் என் அண்ணா வீட்டு முற்றத்தில் நின்றது. அண்ணாவுக்கு நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், ஆனால் இனிப்பென்றால் உயிர். அதனால் ரீட்டா அண்ணி முதல் நாளே எனக்குச் சட்டம் போட்டுவிட்டார்: "பழம் எவ்வளவு வேணுமெண்டாலும் பறிச்சுக்கொண்டு போ மெர்சி. ஜாமை மட்டும் இந்த கேட்டுக்குள்ள கொண்டு வராத."

தமிழில் என்ன பெயர்?

போத்தலில் ஒட்டும் லேபிளில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'லொவி' என்றே போட்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடை வாசலில் கிழமை நாட்களில் நான் மேசை போடுவேன். அங்கே வாடிக்கையாக வாங்குகிற சரஸ்வதி டீச்சருக்கு அந்த லேபிள் பொறுக்கவில்லை. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சிங்களச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் தமிழாகிவிடுமா என்று கேட்டார். நீங்களே ஒரு பெயர் வையுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். சும்மா சொன்ன பேச்சு. ஆனால் அவர் அடுத்த முறை வரும்போது 'செம்புளிக்கனிப் பாகு' என்று ஒரு பெயரோடு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. லேபிளை மாற்றி அடித்து, இருந்த போத்தல் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஒரு போத்தலும் போகவில்லை. எடுத்துப் பார்ப்பார்கள், வாசிப்பார்கள், வைத்துவிடுவார்கள். கடைசியில் குடையோடு வந்த ஒரு ஐயா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "புளியிலயோ ஜாம் காய்ச்சிறீர்? ஏன் பிள்ளை, ஒரு மாம்பழம் வாங்கவும் வழியில்லையோ?"

மூடி

அந்த நாட்களில் வெறும் போத்தல்களை அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கி, கொதிநீரில் அவித்துக் கழுவிப் பாவிப்பேன். கண்ணாடி குற்றமில்லாதது, எந்த மணத்தையும் விட்டுவிடும். மூடிதான் கள்ளன். மூடிக்குள் இருக்கிற அந்த மெல்லிய வளையம் பழைய மணத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். ஒரு போத்தல் என் கீழ்வீட்டுக்காரர் மாசிச் சம்பல் வைத்திருந்தது. மாசிக் கருவாட்டின் மணம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது பழகிப்போன மணம், அதனால் மூக்கில் ஏறவில்லை.

அத்தனை வீடுகள் இருக்க, அந்தப் போத்தல் சரஸ்வதி டீச்சர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பரம்பரைச் சைவ வீடு, மீன் மச்சம் தொடாதவர்கள். டீச்சர் போத்தலைப் பேப்பரில் சுற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். புது மூடிகள் வாங்குகிறேன் என்றேன், வாங்கவும் செய்தேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறியிருப்பேன். பிறகு அவர் என் மேசைப் பக்கம் வரவே இல்லை, அதில் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். போகும்போது இவ்வளவுதான் சொன்னார்: "கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு எங்கட வீட்டுக்குள்ள மச்சம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமையாப் பாத்து உம்மட ஜாமோட வந்திட்டுது."

புகை

கேஸ் தட்டுப்பாடு வந்த காலம் நினைவிருக்கும். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினோமே, அப்போது. மாடி வீட்டில் நான் விறகு எரிக்க முடியாது. அதனால் தாச்சியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு ஹெந்தளைக்குப் போய், அண்ணா வீட்டு லொவி மரத்துக்குக் கீழேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். அண்ணா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். விறகைத் தள்ளுவதும் ஊதுவதும் அவர் பொறுப்பு. கண் எரிந்து தண்ணீர் வடியும், எழும்பமாட்டார். "நல்ல மணம் வருது" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். சமையலறை ஜன்னலில் அண்ணியின் தலை தெரியும். நான் அகப்பையை அண்ணாவுக்கு நீட்டாமல் வழித்துக் கழுவிவிடுவேன்.

அந்த ஜாமில் புகை மணம் ஏறியிருந்தது. வாங்கிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கேஸ் வந்தது, நானும் என் அடுப்புக்குத் திரும்பினேன். நுகேகொடைச் சனிக்கிழமைச் சந்தையில் வழக்கமாக வாங்கும் சிங்கள அம்மா ஒருவர் புதுப் போத்தலைத் திறந்து அந்தப் புகை மணத்தைத் தேடி முகர்ந்தார், முகம் வாடிப்போயிற்று. கேஸ் வந்தது, ஜாம் முடிந்தது என்பதை அவர் பாஷையில் நறுக்கென்று சொன்னார்: "கேஸ் ஆவா நங்கி, ஜேம் எக்க இவரய்!"

காகமும் காரும்

இத்தாலியில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் அண்ணா கார் வாங்கினார். முற்றத்தில் அதை நிறுத்த லொவி மரத்தடியைத் தவிர வேறு இடமில்லை. பழம் பழுத்து விழும், காகம் கொத்திப் போடும், வெள்ளைக் காரில் சிவப்புக் கறை பிடிக்கும். அண்ணா காலையில் துடைப்பார், மத்தியானம் துடைப்பார், பிறகு எனக்குப் போன் எடுத்து ஏசுவார். என்னுடைய காகங்கள் மாதிரி.

மரத்தை வெட்டப்போகிறார் என்று அண்ணி சொன்னதும் ஓடிப்போனேன். காருக்குப் பழைய படங்குத் துணி வாங்கிக் கொடுத்தேன். பழம் பழுக்கும் முன்பே வந்து பறிக்கிறேன் என்றேன். நுகேகொடையில் ஆட்கள் இந்த ஜாமுக்காகவே வருகிறார்கள் என்று என் பெருமையையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அண்ணா நான் பொய் சொல்வதாகத்தான் நினைத்தார். ஒரு லொவியை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்து, துப்பினார். "பழம் எண்டா வாயில வைக்க ஏலணும் மெர்சி. இது காகத்துக்கும் உனக்கும்தான் மரம்."

கூடையோடு போன நாள்

அடுத்த பருவத்துக்குப் பழம் பறிக்கக் கூடைகளோடு போனேன். கேட்டுக்குள் நுழைந்ததும் முற்றம் வெளிச்சமாக இருந்தது. கிளைகள் மதிலோரம் குவிந்து கிடந்தன, பழம் இன்னும் காம்பில் இருந்தது. குந்தியிருந்து அதை ஒவ்வொன்றாகப் பறித்தேன். பறித்துக்கொண்டே அழுதேன், வெட்கமில்லாமல் சத்தம் போட்டே அழுதேன். அண்ணாவுக்குத் தாங்கவில்லை. தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "விடு பிள்ளை. சந்தையில நல்ல பழமா வாங்கிக் காய்ச்சு. இது சும்மா புளிப்பு மரம்தானே?"

முதல் நன்மை வீடு

அந்தக் கூடைப் பழத்தில் காய்ச்சியதில் கடைசிப் போத்தலை விற்க மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளை கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்துக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனேன். வீட்டுக்காரி அதை உடனேயே ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொட்டி, பாணோடு மேசையில் வைத்துவிட்டாள். அண்ணி உள்ளே சமையலறையில் பெண்களோடு கதையில் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கும்போது அண்ணா பாணில் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு துண்டு. பிறகு பாண் இல்லாமல் வெறும் கரண்டியோடு.

என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். இது என்ன பழம், எங்கே வாங்கினது என்று கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. "லொவி, அண்ணா. நம்மட முற்றத்து லொவி" என்றேன். கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். அண்ணியின் சட்டத்தை அவரிடம் சொல்லிக்காட்ட எனக்கு மனமில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "அடுப்பு ஊத நான் வேணும், ஒரு கரண்டி தர நான் வேணாமா மெர்சி? தந்திருந்தா அந்த மரத்தில கத்தி வைக்க விட்டிருப்பேனா நான்?"

இப்போது நான் காய்ச்சும் ஒவ்வொரு தாச்சியிலும் முதல் கரண்டி, அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான், அண்ணாவுக்குப் போகிறது. காய்ச்சுவதென்னவோ அன்னாசி ஜாம், அதில் வெட்டுவதற்கு மரமே கிடையாது.