தாத்தாவின் தொப்பியில் இருந்த கிரீடம்

சேத்தூரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் எங்கள் தாத்தாவின் படம் தொங்குகிறது. பட்டாளத்து உடை, முறுக்கிய மீசை. ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று குடும்பமே கூடி அதற்கு மாலை போடுவோம். சூடம் காட்டியதும் கேசரி. வீட்டில் ஒரு தியாகி இருப்பது பெருமைதானே. எந்தச் சிறையில் இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் கேசரி ஆறிவிடும்.

இந்த ஆண்டு, ராஜபாளையத்தில் ஒன்பதாவது படிக்கும் என் மகளைப் பள்ளி விழாவில் ‘எங்கள் வீட்டுத் தியாகி’ பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணனுக்கு முன்வரிசையில் இடம். குறிப்பெடுக்க என்னோடு சேத்தூருக்கு வந்தவள் நாற்காலியில் ஏறிப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, தொப்பியில கிரீடம் இருக்கு. இது வெள்ளைக்காரன் பட்டாளம்.”

நானும் எட்டிப் பார்த்தேன், கிரீடம்தான். பட்டப்படிப்பு முடித்தவன், பிறந்ததிலிருந்து அந்தப் படத்தைப் பார்ப்பவன் நான்; ஒருநாளும் கவனித்ததில்லை. அண்ணன் சீறினார்.

“ஏட்டி, அவிய நாட்டுக்காகப் போனவிய!”

“மழையில்லாம, சோத்துக்கு வழியில்லாமப் போனாவன்னு நீங்கதான பெரியப்பா பொங்கலுக்குச் சொன்னிய?”

“அது பொங்கலுக்குச் சொன்னது!”

திரும்பி வரும் பேருந்தில் மகள் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியபடியே வந்தாள். “இதுல வெள்ளைக்காரன் இருக்கான், அவனை எதுத்தவங்க இருக்காங்க. அவன்கிட்ட சம்பளத்துக்குப் போனவங்க எங்கேப்பா?” நானும் அப்படிப்பட்ட புத்தகத்தைப் படித்துத்தான் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

ஆசிரியையிடம் போனேன். அவர் சிரித்தார். “பாடத்துல இல்லாதது எதுக்கு சார்? தாத்தா போராடினார்னு ரெண்டு வரி சேத்துக்கச் சொல்லுங்க. யாரு போய்ப் பாக்கப்போறா?” எனக்கு அது பிடித்திருந்தது, மகளுக்குப் பிடிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு எனக்கென்று இருப்பவர் அண்ணன் ஒருவர்தான். ஊரறிய அவமானப்பட்டால் எங்கள் வாசற்படி மிதிக்க மாட்டார்.

விழாவில் மகள் பேசினாள். “என் கொள்ளுத்தாத்தா தியாகி இல்லை. பசிக்காக வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு காது செவிடாகித் திரும்பி வந்தார். என் பாடப்புத்தகத்தில் அவரைத் தேடினேன், காணவில்லை.” சிலர் கை தட்டலாமா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். நான் அண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

விழா முடிந்து பேருந்து நிலையம் வரை அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்தார். சேத்தூர் வண்டி வந்ததும் மகளிடம் திரும்பினார்.

“அப்போ இனிமே மாலை கிடையாதா?”

“போடுங்க பெரியப்பா. ஆனா சுதந்திர தினத்துல வேண்டாம். அவிய இறந்த நாள்ல போடுவோம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். செத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆடி அமாவாசையில் படையல் போட்டு முடித்துவிடும் குடும்பம் எங்களுடையது.

“ஏலே, அவிய என்னைக்குச் செத்தாவ?” என்றார் அண்ணன், மெதுவாக.

எனக்கும் தெரியாது. வண்டி கிளம்பியது. அவர் ஏறவில்லை.